விலாசக் கொப்பியும் இரண்டு அலரிப் பூக்களும்

தொண்ணூறாம் ஆண்டு மாசி மாதம். அப்போது நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே தீவில், புளியங்கூடலில் இருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் ஒரே மகளும்தான். என் கணவர் தெற்கே ஒரு சிறிய பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அதை எரித்துவிட்டார்கள். உடுத்திருந்த சாரத்தோடு அகதிக் கப்பலில் வந்து இறங்கினார். பிறகு நான்கு வருடம் தோட்டத்திலேயே கிடந்தார். கடையைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழும்பவில்லை.

அதன் பிறகு கொழும்பு என்ற சொல்லை வானொலியில் கேட்டாலே எழும்பிப் போய் அதை நிறுத்திவிடுவேன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது.

மகள் கணக்குப் படித்தவள். பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சப் புள்ளிகள் போதாமல் போய்விட்டன. இரண்டு கிழமை சரியாகச் சாப்பிடாமல் திரிந்தாள். பிறகு ஒருநாள் யாழ்ப்பாணம் போய்விட்டுப் புதுக்கதையோடு வந்தாள். கொம்பியூட்டர் படிக்கப் போகிறாளாம்.

"அது டைப் அடிக்கிற மாதிரியோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா. விபரங்களை அடுக்கி வைக்கிறது. ஆர், எங்க இருக்கினம், என்ன வேலை எண்டு. கேட்ட உடன எடுத்துத் தரும்."

"அலுமாரி மாதிரி."

"ஓம், கேட்டால் பதில் சொல்லுற அலுமாரி."

அந்த அலுமாரியில் இரண்டு விதம் இருந்தது. ஒன்றுக்கு டிபேஸ் என்று பெயர். யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் ஒரு வாத்தியார், எல்லாரும் சேர் என்று கூப்பிடுகிறவர், அதைப் படிப்பித்தார். ஆறு மாதம். காலை பஸ்ஸில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம். மற்றதுக்கு எழுத்து எழுத்தாகச் சொல்வார்கள், எஸ்.கியூ.எல். அது கொழும்பில்தான் படிக்கலாம். ஒரு வருடம். என் கணவரின் தங்கை, என் மச்சாள், கொழும்பில் இருந்தா. அவவின் வீட்டில் நின்று படிக்கலாம்.

மேல்மாடிச் சேரிடமே மகள் போய்க் கேட்டிருக்கிறாள், எது நல்லது என்று. அவர் மறைக்கவில்லையாம். "நான் படிப்பிக்கிறது டிபேஸ். நீர் வந்தால் எனக்குச் சந்தோசம். ஆனால் கேட்டபடியால் சொல்லுறன், வேலையெல்லாம் இனி மற்றப் பக்கம்தான் போகப் போகுது" என்று சொல்லியிருக்கிறார். தன் வகுப்புக்கு ஓர் ஆள் குறையும் என்று தெரிந்தும் சொன்ன மனிதர்.

"அப்ப என்ன, இஞ்சையே படிச்சால் காணாதோ? ஒண்டும் தெரியாமல் கிடக்கிறதுக்கு ஒண்டு தெரிஞ்சால் நல்லதுதானே" என்றேன்.

"படிச்சு முடிய அது செத்துப் போச்செண்டால்?"

"படிப்பு எங்கையாவது சாகுமோ?"

"இந்தப் படிப்புச் சாகும் அம்மா."

எனக்கு அது நம்பக்கூடிய கதையாகத் தெரியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அங்கே படித்த வாய்ப்பாடு இன்னும் சாகாமல்தான் இருக்கிறது.

ஒரு கிழமை அவள் யோசித்துக்கொண்டு திரிந்தாள். ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று எழுதுவாள். பிறகு கிழிப்பாள். நான் அடுப்படியிலேயே நின்றுகொள்வேன். கிட்டப் போனால் அழுதுவிடுவேன் என்று பயம். கடைசியில் அவளே சொன்னாள், "அம்மன் கோயிலில பூக்கட்டிப் பாப்பம் அம்மா. அம்மன் சொல்லுறபடி செய்வம்."

கலியாணம், காணி என்று மனம் இரண்டாகிற காரியங்களுக்கு எங்கள் பக்கத்தில் அப்படிப் பார்ப்பது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் வைத்து, வெளியே வித்தியாசம் தெரியாமல் கட்டி, அம்மன் காலடியில் வைத்துப் பூசை முடிய ஒன்றை எடுப்போம். சிவப்பு வந்தால் கொழும்பு, வெள்ளை வந்தால் யாழ்ப்பாணம் என்று பேசிக்கொண்டோம். கட்டுகிற வேலை என்னுடையது.

விடிய எழும்பித் தலை முழுகிவிட்டு வேலியோரம் போனேன். வெள்ளை அலரியும் சிவப்பு அலரியும் பக்கத்தில் பக்கத்தில் பூத்து நின்றன. இரண்டு பூவரசம் இலை பிடுங்கினேன். ஒரு வெள்ளைப் பூவை வைத்து வாழைநாரால் கட்டினேன். அடுத்த இலையை விரித்தேன். சிவப்பு மரத்துக்குக் கையை நீட்டினேன்.

கை வெள்ளை மரத்துக்குப் போனது.

யாராவது பார்க்கிறார்களா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டையும் ஒரே மாதிரி, என் வழமையான இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். என் கை நடுங்கவே இல்லை. ஒரு கட்டு வெங்காயத்தாள் கட்டுவது போலக் கட்டினேன்.

கோயிலில் ஐயர் பொட்டலங்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். "குழந்தைப்பிள்ளை எடுக்கிறதுதான் முறை. ஒருத்தரையும் காணேல்லை. நீரே கண்ணை மூடிக்கொண்டு எடும்" என்று மகளிடம் சொன்னார். அவள் எடுத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளை.

"சரியம்மா" என்றாள். அவ்வளவுதான். வெள்ளைப் பூவைக் காதோரம் செருகிக்கொண்டு கோயிலைச் சுற்றப் போனாள். தட்டில் கிடந்த மற்றப் பொட்டலத்தை நான் சட்டென்று எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து கிணற்றடி வாழைகளுக்குள் எறிந்துவிட்டேன்.

மகள் டிபேஸ் வகுப்பில் சேர்ந்தாள். காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். பின்னேரம் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே அன்று படித்ததைச் சொல்லுவாள். சந்தோசமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குக் குத்தியது. அவள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் நானும் ஒரு சண்டை போட்டு மனத்தை ஆற்றியிருப்பேன்.

இங்கே என் விலாசக் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தீவு ஆட்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. முன்பு தெற்கில் கடைகள். எண்பத்துமூன்றுக்குப் பிறகு வெளிநாடு. செத்தவீடு, கலியாணம் என்றால் எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும். கணவர் இருந்தபோது அவர் எழுதுவார். பிறகு அந்தக் கொப்பி என் கைக்கு வந்தது. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் விலாசம் எழுதியிருந்தது. ஒரு வீட்டில் ஆறு பேர் என்றால் அதே விலாசம் ஆறு இடத்தில். அவர்கள் வீடு மாறினால் ஆறு இடத்திலும் வெட்டி எழுத வேண்டும். எனக்கு இங்கிலிஷ் எழுத்து வாசிக்கத் தெரியாது. கடிதத்தின் பின்பக்கம் பார்த்துக் கோலம் போடுகிற மாதிரிப் பார்த்துப் பார்த்துக் கீறுவேன். ஒரு விலாசம் கீற அரைமணி நேரம். ஆறு என்றால் சோறு அடிப்பிடித்துவிடும்.

ஒருநாள் கை வலித்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. புதுக் கொப்பி ஒன்று எடுத்தேன். பின்பாதியில் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்துக்கு ஓர் எண். விலாசத்தை அங்கே ஒரேயொரு தரம் எழுதினேன். முன்பாதியில் ஆட்களின் பெயர். பெயருக்கு நேரே பக்க எண் மட்டும். வீடு மாறினால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும். யாராவது கலியாணம் முடித்து வேறு வீட்டுக்குப் போனால் அவர்களின் எண்ணை மட்டும் மாற்றினால் சரி. இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. சோம்பல்தனம் என்று சிரிப்பார்கள் என்று வெட்கம்.

பங்குனியில் எனக்குக் கண் மங்கலாகிக் கண்ணாடி போட வேண்டி வந்தது. யாழ்ப்பாணத்துக்கு மகளோடு போனேன். கண்ணாடிக்காரர் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டார். திரும்பும் பஸ் பின்னேரம்தான். அதுவரை அவளுடைய வகுப்பின் பின்பக்கம் ஒரு கதிரையில் போய் இருந்தேன். இரண்டே இரண்டு கொம்பியூட்டர், சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு பேர். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து.

சேர் மெலிந்த மனிதர். என்னைக் கண்டுவிட்டு, "அம்மா ஏன் மூலையில இருக்கிறியள்? வந்து பாருங்கோவன், கடிக்காது" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. எழும்பாமல் இருந்தால் இன்னும் பார்ப்பார்கள் என்று எழும்பிப் போனேன்.

திரையில் பெயர்களும் விலாசங்களும் வரிவரியாக ஓடின. வாசிக்கத் தெரியாவிட்டாலும் கீறிக் கீறிப் பழகிய கண் அல்லவா. புதுக் கண்ணாடி வேறு. இரண்டு வரிகளில் ஒரே விலாசம் இருப்பது எனக்குத் தெரிந்தது. மகளின் காதுக்குள் கேட்டேன், "இந்த ரெண்டு பேரும் ஒரு வீடோ?"

"ஓம். அக்காவும் தங்கச்சியும்."

"வீடு மாறினால் ரெண்டு இடத்திலையும் மாத்தவேணுமோ?"

சேருக்குக் கேட்டுவிட்டது. "ஓம் அம்மா, நான் போட்ட மாதிரிப் போட்டால் ரெண்டு இடத்திலையும்தான் மாத்தவேணும். ஏன் கேக்கிறியள்?"

நான் மகளுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். மகள்தான், "அம்மா வீட்டில ஒரு கொப்பி வச்சிருக்கிறா சேர்" என்று தொடங்கிவிட்டாள். பிறகு அவர் விடவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வீட்டுக்கு ஒரு பக்கம், ஆளுக்கு ஓர் எண் என்று. சொல்லி முடித்தேன். சிரிக்கப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

சேர் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார். "டிபேசிலையும் இதைச் சுத்திவளைச்சுச் செய்யலாம். ஆனால் நான் அடிக்கடி சொல்லுற அந்த மற்றது இருக்கெல்லோ, அது இந்த அம்மான்ர யோசனையிலதான் தொடங்குது. ஒரு விசயத்தை ஓர் இடத்தில மட்டும் எழுது. மற்ற இடத்தில எண்ணைப் போடு. அவ்வளவுதான்." பிறகு மகளிடம் திரும்பினார். "நீர் ஏன் கொழும்புக்குப் போகேல்லை? நான் அண்டைக்கே சொன்னனான் எல்லோ."

மகள் சாதாரணமாகச் சொன்னாள். "அம்மன் வேண்டாமெண்டிட்டா சேர்."

நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவரை அந்த மற்றப் படிப்பு எனக்கு வெறும் மூன்று எழுத்தும் கொழும்புக்குப் போகிற ஒரு ரயிலும்தான். அது என்னவென்று இப்போது விளங்கிவிட்டது. என் கை வலித்துக் கண்டுபிடித்த விசயத்தைத்தான் என் பிள்ளை முறையாகப் படிக்க ஆசைப்பட்டிருக்கிறாள். எது நல்லதென்று விளங்காமல் தடுத்தேன் என்று இனி எனக்கு நானே சொல்ல ஏலாது.

பஸ்ஸில் சொல்லலாம் என்று பார்த்தேன். சனம் நெருக்கி நின்றது. என் தோளுக்கு மேலே ஒருவரின் மரவள்ளிக் கிழங்குப் பை. "உள்ள போங்கோ, உள்ள போங்கோ, கடலுக்குள்ளயோ விழப்போறியள்" என்று கொண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியது, இரண்டு பக்கமும் கடல். மகள் எனக்கு இடம் பிடித்துத் தந்துவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்றாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

இறங்கி வீட்டுக்கு நடந்தோம். வெயில். ஒரு குடைக்குள் இரண்டு பேரும்.

"பிள்ளை, அண்டைக்குக் கோயிலில..." என்றேன். "ரெண்டும் வெள்ளைதான்."

அவள் நடையை நிறுத்தவில்லை. குடையை என் பக்கம் கொஞ்சம் சரித்தாள்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அண்டைக்குப் பின்னேரம் வாழைக்குத் தண்ணி கட்டேக்கை பொட்டலம் கிடந்தது. உங்கட முடிச்சு. அவிட்டுப் பாத்தனான்."

"பிறகு ஏன் நீ ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? கோயில் வீதியிலகூடச் செருப்புப் போட்டு நடக்காத ஆள் நீங்கள். அம்மனையே ஏமாத்தியிருக்கிறியள் எண்டால் எவ்வளவு பயந்திருப்பியள். அதுக்குப் பிறகு நான் எப்பிடிப் போறது?"

நான் ரோட்டிலேயே அழுதுவிட்டேன். எதிரே சைக்கிளில் வந்தவர் எங்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து இறங்கி நின்றார். "கண்ணாடி புதுசு அண்ணை, கண் கூசுது" என்று மகள் சொல்லி அவரை அனுப்பினாள்.

"நாளைக்குத் திரும்பப் பூக்கட்டிப் பாப்பம். நீயே கட்டு" என்றேன்.

"வேண்டாம் அம்மா. அம்மனை விட்டிடுவம், பாவம். நீங்களே சொல்லுங்கோ. போ எண்டால் போறன். நில் எண்டால் நிக்கிறன். நிண்டதுக்காக ஒருநாளும் உங்களைக் குறை சொல்லமாட்டன்."

அவள் சொன்னது சத்தியம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்று நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறப்பேன். கணவர் கப்பலால் இறங்கி வந்த கோலம் கண்ணுக்குள் வரும். மூடிவிடுவேன். அவளும் கேட்கவில்லை. காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

நான்காம் நாள் அவள் வகுப்புக்குப் போன பிறகு விலாசக் கொப்பியை எடுத்தேன். முன்பாதியில் மகளின் பெயர். நேரே எங்கள் வீட்டின் எண், ஒன்று. என் பெயருக்கு நேரேயும் ஒன்று. பின்பாதியில் மச்சாளின் கொழும்பு வீடு பதினேழாம் பக்கம்.

பேனையை எடுத்தேன். கை நடுங்கியது. அப்படியொரு நடுக்கம். இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு மகளின் பெயருக்கு நேரே இருந்த ஒன்றை வெட்டினேன். பக்கத்தில் பதினேழு என்று எழுதினேன். ஏழின் கால் கோணிவிட்டது.

பின்னேரம் அவள் வர, தேத்தண்ணியோடு கொப்பியையும் விரித்து முன்னால் வைத்தேன். குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். தேத்தண்ணி ஆறியது.

"வாயால சொல்லுங்கோ எண்டெல்லோ சொன்னனான்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"போயிட்டு வா பிள்ளை" என்றேன்.

சித்திரை வருசம் கழிய அவளை ரயிலேற்றிவிட்டேன். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, திரும்ப யுத்தம் தொடங்கிப் பாதை அடைபட்டது. ரயில் நின்றது. அடுத்த வருடம் நானும் தீவை விட்டு ஓட வேண்டி வந்தது. ஒரு பை உடுப்பு, கணவரின் படம், அந்தக் கொப்பி. நான் பயந்த பயம் பொய்யில்லை. கொழும்பில் ஒருமுறை பொலிஸ்காரர் அவளை விசாரணைக்கென்று கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்திருக்கிறார்கள். அதை எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொன்னாள். ஐந்து வருடம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கடிதம் வரும். மாதக்கணக்கில் சுணங்கி, கசங்கி வரும். முதல் கடிதத்தில் எழுதியிருந்தாள், "வகுப்பில முதல் கிழமை கரும்பலகையில ரெண்டு பெட்டி கீறி நடுவில எண்ணைப் போட்டுக் கோடு இழுத்தவை. எல்லாரும் முழிச்சுக்கொண்டு இருந்திச்சினம். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. உங்கட கொப்பி அம்மா." அந்தப் படிப்பு இதுவரை சாகவில்லை. அதைக்கொண்டுதான் வேலை எடுத்தாள், வெளிநாடு போனாள், இன்று இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். இப்போது நானும் அவளோடுதான் இருக்கிறேன்.

கொப்பி என்னிடம் இருக்கிறது. அட்டை கழன்றுவிட்டது. என் பெயருக்கு நேரே எத்தனையோ எண்கள் வெட்டி வெட்டி எழுதியிருக்கின்றன. கடைசி எண்ணும் மகளின் எண்ணும் மறுபடி ஒரே எண்ணாகிவிட்டன. ஆனால் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அந்தக் கோணல் பதினேழைத்தான். பூவை மாற்றிக் கட்டியபோது நடுங்காத கை அதை எழுதத்தான் நடுங்கியது. இந்த வயதிலும் மகளுக்காகவோ பேரப்பிள்ளைகளுக்காகவோ ஏதாவது முடிவெடுக்க வேண்டி வந்தால், அதை எனக்காகச் செய்கிறேனா அவர்களுக்காகச் செய்கிறேனா என்று அறிய, முதலில் என் கையைத்தான் பார்க்கிறேன்.